மதுரைக்குக் குடிவந்திருக்கிறேன், டிரவுட் மீன் பிடிக்கப் பக்கத்தில் நல்ல இடம் எது?

டிரவுட் என்பது குளிர்ந்து ஓடும் நன்னீரில் வாழும் மீன். சமவெளியான மதுரையில் அது கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் கொண்டுவந்து விட்டார்கள். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துவிடும்; வெயிலில் வைத்த சோடாவில் காரம் போய்விடுவது போலத்தான். டிரவுட்டுக்கு அந்த வாயு நிறைய வேண்டும்.

அதற்காகத் தூண்டிலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். நம் கண்மாய்களின் ராஜா விரால். நீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் சூடான, கலங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது. புது ஊரில் நல்ல கண்மாயைக் கண்டுபிடிக்க, விடியற்காலையில் கரையோரம் நடந்து பாருங்கள். ஆம்பல் இலைகளுக்கு நடுவே ‘பொளக்’ என்று ஒரு குமிழி எழுந்து அடங்கினால் அங்கே விரால் இருக்கலாம். மடைப் பக்கம் கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையும் கிடைக்கும். கரையில் ஆடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரைவிட விவரம் தெரிந்தவர் இல்லை.

கண்மாய் ஊர்ப் பொதுச்சொத்து, யாரும் தூண்டில் போடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பல கண்மாய்களில் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், குத்தகைதாரரின் அனுமதி வேண்டும்.