வான் வாசல்: வாசகர் கேள்விகள்

வேற்று விண்மீன்களின் கோள்களை ஆராய்கிறீர்களே ஐயா, ஒன்றையாவது கண்ணால் பார்த்ததுண்டா?
- வாசகி, பட்டர்வொர்த்

இல்லை அம்மா. இருபது ஆண்டுகளாக நான் பார்ப்பது கணினித் திரையில் விண்மீனின் ஒளி அளவைக் காட்டும் ஒரு கோடு. கோள் தன் விண்மீனின் குறுக்கே போனால் அந்தக் கோட்டில் சின்னப் பள்ளம் விழும். சூரியன் போன்ற விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் மறைத்தால் ஒளி ஏறக்குறைய 1 விழுக்காடு குறையும். பூமி அளவென்றால் 0.01 விழுக்காடுகூட இல்லை. பத்தாயிரம் அகல்விளக்குகளில் ஒன்று அணைந்த மாதிரி. 1995இல் அறிவிக்கப்பட்ட 51 பெகாசி என்ற விண்மீனின் கோளுக்கு ஓராண்டு என்பது நான்கு நாள் சொச்சம். அங்கே தீபாவளி வந்தால் முறுக்கு சுடுகிறவர்கள் பாவம்!

வால்நட்சத்திரம் அப்படியல்ல, கண்ணுக்கே விருந்து. 2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரத்தைத் தேடி மூன்று மாலைகள் பாலிக் புலாவ் கடற்கரைக்குப் போய், மழையில் நனைந்து திரும்பினேன். வீட்டில் கிடைத்த அர்ச்சனையை எழுத முடியாது. நான்காம் நாள் மேகம் விலகியது. வெள்ளிக்கு வலப்புறம், மேலே, மங்கலான வெண்கீற்று. பக்கத்தில் மீன் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் இருகண் நோக்கியைக் கொடுத்தேன். "விளக்குமாறு மாதிரி இருக்கிறதே" என்றார். நான் எழுதிய குறிப்பைவிட அது துல்லியம்.

ஹாலி வால்நட்சத்திரம் எப்போது திரும்பும்?
- மாணவர், ஆயர் ஈத்தாம்

2061 ஜூலையில் சூரியனை நெருங்கும். கடைசியாக அது வந்த 1986இல் நான் பள்ளிக்கூடப் பையன். அன்றும் பினாங்கில் மேகம்தான்.