தேதி முதலில், கதை பிறகு – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் தக்கலைக்காரன். சென்னையில் உதவி இயக்குநராக இருக்கிறேன். சென்ற வாரம் ஊருக்கு வந்தபோது நண்பர்களோடு நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆங்கிலப் படத்தின் அடுத்த பாகத்தைப் பார்த்தேன். பணம் தண்ணீராக ஓடியிருக்கிறது. ஆனால் இடைவேளைக்குப் பிறகு யார் எதற்காக எங்கே ஓடுகிறார்கள் என்றே புரியவில்லை. இத்தனை கோடி போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல கதை எழுதி வாங்க முடியாதா? திரும்பும்போது பஸ்ஸிலும் இதே பேச்சுதான். ‘ஸ்பீல்பெர்க்கின் சுறாப் படம் ஜாஸுக்குக்கூட ஸ்கிரிப்ட் முடியாமல்தான் ஷூட்டிங் போனார்கள், அது ஓடவில்லையா?’ என்றான் ஒரு நண்பன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. ஒரு படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் கதை எழுத என்னை அழைத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் வேண்டுமாம். ஒப்புக்கொள்ளலாமா?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

அவர்களுக்கு எழுத ஆள் கிடைக்காமல் இல்லை. ஹாலிவுட்டில் ஒரு பெரிய படத்துக்குப் பலர் மாறி மாறி எழுதுவது சாதாரணம். நேரம்தான் கிடைப்பதில்லை. பெயர் பெற்ற படத்தின் அடுத்த பாகம் என்றால், கதை உருவாவதற்கு முன்பே வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிடுகிறார்கள். அந்தத் தேதியை நம்பி தியேட்டர்காரர்கள், பொம்மைக் கம்பெனிகள், விளம்பரக்காரர்கள் எல்லாரும் ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். கிராஃபிக்ஸுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் சண்டைக் காட்சிகளின் வேலை முதலிலேயே தொடங்கிவிடுகிறது. எல்லாருடைய நாட்களும் போக மிச்சம் இருப்பதுதான் எழுதுகிறவனுக்கு. நம் ஊரிலும் அப்படித்தான். ஹீரோவின் கால்ஷீட், பொங்கலோ தீபாவளியோ ஒரு தேதி, ஓடிடி வியாபாரம். இந்த ஹீரோ, இந்த இயக்குநர் என்று காம்பினேஷனைச் சொல்லியே படத்தை விற்றுவிடுகிறார்கள். எழுதிய பக்கம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க, 1992-இல் வந்த ‘ஏலியன் 3’ உருவான கதையைப் படியுங்கள். பலர் எழுதிப் பார்த்த பிறகு வின்சென்ட் வார்ட் என்ற இயக்குநர் ஒரு கதையோடு வந்தார். மரத்தாலான ஒரு கோள், அதில் துறவிகள் வாழும் மடம், அங்கே வந்து விழுகிறாள் முந்தைய பாகங்களின் நாயகி ரிப்ளி. அதற்கு செட் போடத் தொடங்கினார்கள். பிறகு அவர் விலகிப் போனார். மடம் சிறைச்சாலை ஆயிற்று, துறவிகள் கைதிகள் ஆனார்கள். கடைசியில் இயக்க வந்த டேவிட் ஃபின்சருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை, அதுதான் அவருக்கு முதல் படம். முடியாத திரைக்கதையைக் கையில் கொடுத்து அவரை ஷூட்டிங்குக்கு அனுப்பினார்கள். அதைத் தன் படம் என்று அவர் சொல்லிக்கொள்வதே இல்லை. படத்தை மறுபடியும் பாருங்கள். மொட்டைத் தலையும் நீண்ட அங்கியும் ஜெபமுமாகக் கைதிகள் பாதித் துறவிகளைப் போலவே நடமாடுகிறார்கள். கைவிட்ட கதை புதிய கதைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதில் சில காட்சிகள் மிகவும் பிடிக்கும், அதனாலேயே வருத்தமும் அதிகம்.

2019-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை முதலில் இயக்க இருந்தவர் காலின் ட்ரெவோரோ. 2017 செப்டம்பரில் அவர் வெளியேற, ஜே.ஜே. ஆப்ரம்ஸ் வந்து புதிதாகத் தொடங்கினார். மே மாதம் வர வேண்டிய படத்தை டிசம்பருக்குத் தள்ளினார்கள், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த அவகாசம். இதே வரிசையில் 1983-இல் வந்த படத்திலேயே செத்துப்போன வில்லன் இதில் உயிரோடு வருகிறான். எப்படியோ திரும்பிவிட்டான் என்று ஒரு பாத்திரம் ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது. அவன் எப்படி வந்தான் என்பதுதானே கதை?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்துக்கு வசனம் எழுதப் போயிருந்தேன். முட்டம் பக்கத்தில் ஷூட்டிங். அண்ணன் தம்பி பகை. அண்ணன் சாகும் காட்சியை முதலில் எடுக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அந்த நடிகரின் கால்ஷீட் அந்த வாரம்தான். இருவரும் ஏன் பிரிந்தார்கள் என்பதை இயக்குநர் அதுவரை முடிவு செய்யவில்லை. சீன் பேப்பர் காலையில் வாட்ஸப்பில் வந்தது. வாடகைக்கு எடுத்த வள்ளத்தின் விளிம்பில் மேக்கப்போடு உட்கார்ந்து தம்பியாக நடித்தவர் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். ‘எனக்கு இவர் மேல கோபமா, பாசமா சார்?’ என்று கேட்டார். இயக்குநர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ரெண்டும் எடுத்து வச்சுக்கலாம்’ என்றார். ஒரு டேக்கில் அழுதார், அடுத்ததில் அழாமல் நின்றார். எடிட்டிங்கில் ஏதோ ஒன்றை வைத்தார்கள். தியேட்டரில் பார்த்தபோது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல நடிகர் அவர். கேட்ட கேள்வியும் சரியான கேள்விதான். இப்படி ஒரு காட்சி வீணாவதைப் பார்க்கிறபோது எனக்கு வயிறு எரியும்.

இனி உங்கள் நண்பர் சொன்ன ‘ஜாஸ்’. அவர் சொன்னது உண்மை. திரைக்கதையாசிரியர் கார்ல் காட்லீப் ராத்திரி எழுதித் தருவதை மறுநாள் எடுத்தார்கள். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் பழுதாகிப் பழுதாகி, 55 நாள் திட்டம் 159 நாளாக இழுத்தது. ஆனால் பீட்டர் பெஞ்ச்லியின் நாவல் கையில் இருந்தது. சுறா, அதை மறைக்கப் பார்க்கும் மேயர், வேட்டைக்குக் கடலில் இறங்கும் மூன்று பேர். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ராத்திரியில் அவர்கள் எழுதியது மனிதர்கள் பேசிக்கொள்வதையும் பழகுவதையும். அப்புறம், நாள் நீண்டபோது படத்தை நிறுத்தாமல் நீளவும் விட்டார்கள்.

நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். உச்சிக்கொடைக்குச் சாமி வர வேண்டிய நேரம் யாருக்காகவும் மாறாது, பாட்டை நடத்தும் அண்ணாவிக்கும் கெடு உண்டு. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓரிடத்தில் இழுப்பார், ஓரிடத்தை நாலு வரியில் தாண்டுவார், குடம் அடிக்கிறவரிடம் வேடிக்கை பேசுவார். சுடலைமாடன் கதையில் அடுத்து என்ன என்பது அவருக்கும் தெரியும், கூடவே ‘ஆமா’ போடுகிறவருக்கும் தெரியும். அதனால்தான் அத்தனை சுதந்திரம். ஜாஸ் குழுவிடம் இருந்தது அந்தத் தெளிவு. ‘ஏலியன் 3’ குழுவிடம் அது இல்லை.

2015-இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். இயக்குநர் ஜார்ஜ் மில்லர் அதை வழக்கமான திரைக்கதையாக வைத்துக்கொள்ளாமல் ஏறத்தாழ 3500 சித்திரங்களாக வரைய வைத்திருந்தார். ஆஸ்திரேலியப் பாலையில் மழை பெய்து பூத்துவிட்டதால் வறண்ட பாலை தேடி நமீபியாவுக்குப் போனார்கள். நடிகர்களுக்குள் சண்டை, ஸ்டுடியோவோடு இழுபறி. அவ்வளவுக்குப் பிறகும் படம் நிற்கிறது. தயாரிப்பில் வரும் தொல்லை வேறு, யோசிக்காமல் கிளம்புவது வேறு. நம் விமர்சகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

சரி, உங்கள் மூன்று வாரம். கதையும் முடிவும் உறுதியாக இருந்து வசனம் மட்டும் என்றால் முயன்று பார்க்கலாம். கதையையே கேட்கிறார்கள் என்றால், தேதி அறிவித்தாகிவிட்டதா, செட் வேலை தொடங்கிவிட்டதா, ஹீரோ என்றைக்கு வருகிறார் என்று முதலில் விசாரியுங்கள். பிறகு கிளைமாக்ஸ் என்னவென்று இயக்குநரிடமும் தயாரிப்பாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு சொன்னால் விட்டுவிடுங்கள். படம் ஓடாவிட்டால் கதை சரியில்லை என்று உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். ஒன்றையே சொன்னால், கூடுதல் அவகாசம் கேளுங்கள், முதல் டிராஃப்ட் கொடுக்கும்போதே சம்பளத்தில் பாதியை வாங்கிவிடுங்கள். அதற்கும் முன்னால், முதல் பாகத்தை எழுதியவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். இரண்டாம் பாகத்தில் அவர் ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.