வீங்கிய முட்டியை உருவாதீர்கள்

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. தவழத் தொடங்கிய நாளிலிருந்தே உடம்பில் நீலம் நீலமாக ரத்தம் கட்டும். போன மாதம் உதடு கிழிந்து, ரெண்டு நாள் விட்டு விட்டுக் கசிந்தது. இப்போது விழாமலே முட்டி வீங்கியிருக்கிறது. என் தம்பி பத்து வயதில், பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்காமலே இறந்துபோனான். "உங்க வீட்டு ரத்தம்தான்" என்று மாமி ஏசுகிறார், எண்ணெய் போட்டு உருவவும் சொல்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, எண்ணெய்ப் போத்தலை மூடி வையுங்கள். அடிபடாமல் முட்டி வீங்கினால் மூட்டுக்குள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம், உருவினால் இன்னும் கூடும், ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் கால் நீட்ட முடியாமலே போய்விடலாம். காலை அசைக்காமல், ஐஸைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒருநாள் பேர், அதாவது தோட்டத்து நாள் சம்பளம், போகும் என்று தெரியும், ஆனாலும் இன்றைக்கே போங்கள்.

டாக்டரிடம் முதலில் தம்பியின் கதையைச் சொல்லுங்கள். வெறும் வீக்கமென்றால் வேறு காரணம் தேடுவார்கள், தாய்மாமன் ரத்தம் நிற்காமல் இறந்தார் என்றால் ஹீமோபீலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய், நினைவுக்கு வரும். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களுக்கு ஃபேக்டர் என்று பேர்; ஃபேக்டர் 8 குறைந்தால் அது ஏ வகை, 9 குறைந்தால் பி வகை. ஏ.பி.டி.டி. என்ற ரத்தப் பரிசோதனையில் ரத்தம் உறைய அதிக நேரம் எடுத்தால் அப்புறம் ஃபேக்டர் அளவைப் பார்ப்பார்கள். குறைகிற ஃபேக்டரை ரத்தக் குழாய் வழியாக ஏற்றலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், வலிக்கு வயதுக்கேற்ற அளவில் பரசிட்டமோல் போதும். தசையில் ஊசி போட வந்தாலும் இந்தச் சந்தேகத்தைச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது.

இடையில் ஒன்று: அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காததை வைத்துப் பயப்படாதீர்கள், அட்டையின் எச்சிலே ரத்தத்தை உறையவிடாது, தேயிலைக் கொழுந்து பறிக்கிற எல்லோருக்கும் அப்படித்தான்.

சரி, மாமி விஷயம். மகனுக்குத் தாயிடமிருந்து கிடைக்கிற எக்ஸ் குரோமோசோம் வழியாக இந்த நோய் வருவதால் பெரும்பாலும் தாய் வழிதான், ஆனால் அது யாருடைய குற்றமும் இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே வருகிறது. இது உறுதியானால், உங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளுக்கும் ஜீனைச் சுமக்க பாதி வாய்ப்பு. சுமக்கும் பெண்களுக்கும் ஃபேக்டர் குறைவாக இருக்கலாம், அதனால் அடுத்த பிரசவத்துக்கு முன் நீங்களும், அக்கா தங்கை இருந்தால் அவர்களும், ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.