வெளிநாட்டு நிதியில் நடக்கும் கிராம மின்சாரத் திட்டத்தைத் தணிக்கை செய்பவர் களத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் இந்த வேலைக்காக ஐந்து வாரம் இருந்தேன். ஐரோப்பிய நாடு ஒன்று கொடுத்த மானியம்; கிராமங்களுக்கு லைன் இழுத்து வீடுகளுக்கு இணைப்புத் தரும் திட்டம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெண்டர், பில், வங்கிக் கணக்கு, பணம் வந்த நாளின் நாணய மாற்று விகிதம். ஒப்பந்தம் அனுமதிக்காத செலவை மானியத்தில் எழுதியிருந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நான் பார்த்த கோப்புகள் அத்தனையும் சுத்தமாக இருந்தன.

களத்தில் கைகொடுத்தது கடலூரில் என் மாமா சொன்ன ஒரு வார்த்தை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. அதன்பின் பல நாள் அவர் வீடு தங்கவில்லை. ஒரு ராத்திரி சாப்பிட வந்தவர், "கம்பம் எவ்வளவு உசரம்னு எல்லாரும் பாக்குறாங்கடா, மண்ணுக்குள்ள எவ்வளவு போயிருக்குன்னுதான் பாக்கணும்" என்றார். நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 9 மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர்.

நான் தணிக்கைக்குப் போன ஆப்பிரிக்கக் கிராமங்களில் எல்லாம் மரக் கம்பங்கள். அடியிலிருந்து 3 மீட்டரில் ஒரு குறி செதுக்கியிருந்தார்கள். ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் போயிருந்தால் அந்தக் குறி தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில், நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தெரியும்; அப்படித் தெரிந்தால் குழி சரி. ஒரு மேட்டில் வரிசையாக ஏழு கம்பங்களில் அது என் தலைக்கும் மேலே இருந்தது. டேப் வைத்துப் பார்த்தால் 2.10 மீட்டர், அதாவது மண்ணுக்குள் இருந்தது 90 சென்டிமீட்டர்தான். பாறை தட்டியதும் தோண்டுவதை நிறுத்திவிட்டு, முழு ஆழத்துக்கும் பில் போட்டிருக்கிறார் காண்ட்ராக்டர். கடலூரில் அந்தப் புயலைப் பார்த்தவனுக்கு அந்த மேட்டில் நிற்கவே பதறியது.

அப்புறம் ஒரு பாட்டியின் வீடு. கூரைக்குப் பத்தடி தள்ளி லைன் போகிறது. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, சுவரெல்லாம் கரி. இணைப்புக் கட்டணத்துக்கும் உள் ஒயரிங்குக்கும் பணம் இல்லை என்றார். திட்டத்தின் அறிக்கையில் அந்த ஊர் 'முடிந்தது'. நம் நாட்டிலும் 2004இல் வந்த வரையறைப்படி, டிரான்ஸ்பார்மரும் லைனும் வந்து, பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைத்து, 10 சதவீத வீடுகளுக்கு இணைப்பு இருந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம். மேற்குக் கென்யாவில் 150 ஊர்களில் நடந்த ஓர் ஆய்வில், இணைப்பு இல்லாத வீடுகளில் பாதி, வீடுகளுக்கு இணைப்புத் தரும் தாழ்வழுத்த லைனிலிருந்து 200 மீட்டருக்குள்ளேயே இருந்தன. அப்போது அங்கே இணைப்புக் கட்டணம் 35,000 ஷில்லிங். கிராமத்து ஏழை அதற்கு எங்கே போவார்?

அதனால் பகலில் கம்பத்தை அளந்து பாருங்கள், இரவு ஏழு மணிக்கு மேல் அதே தெருவில் நடந்து பல்பு எரியும் வீடுகளை எண்ணுங்கள். மொழிபெயர்க்க காண்ட்ராக்டரின் ஆளைக் கூட்டிப் போகாதீர்கள். பள்ளி ஆசிரியர் யாரையாவது கேளுங்கள்.

ஏழு கம்பங்களையும் மறுபடி ஆழமாக நட்டார்கள். ஒயரிங் செலவுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. பாட்டியின் வீட்டுப் படத்தை என் தணிக்கை அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலேயே வைத்தேன். பின்னிணைப்புக்குத் தள்ளலாம் என்று சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை.