கண்ணையும் மூளையையும் சேர்த்தே பதிவு செய்யலாமா?

கேள்வி: நான் உளவியல் ஆய்வு மாணவி. தமிழ் வாக்கியங்களை வாசிக்கும்போது மனம் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும். துறையில் கண் அசைவைப் பதியும் ஐ டிராக்கரும் உண்டு, தலையில் மின்முனை வைத்து மூளையின் மின்னலையைப் பதியும் ஈஈஜி கருவியும் உண்டு. இரண்டையும் ஒன்றாகவே வைத்துவிடலாமா?

பதில்: வைக்கலாம். ஆனால் முதல் பத்துப் பேருக்கு ஐ டிராக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாசிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிவினாடி நிற்கும், அப்புறம் அடுத்த தாவல். எங்கே கூடுதலாக நின்றது, எங்கே திரும்பி ஓடியது என்பதை டிராக்கர் சொல்லிவிடும். உங்கள் கேள்வி அத்தோடு முடிந்தால் ஈஈஜி வீண் வேலை.

தடுமாற்றத்துக்குக் காரணம் பொருளா, இலக்கணமா என்று தெரிய வேண்டுமென்றால்தான் மூளைப் பதிவு. 1980இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற இரு ஆய்வாளர்கள் வாக்கியக் கடைசியில் பொருந்தாத சொல்லை வைத்தார்கள். சுமார் 400 மில்லிவினாடியில் ஓர் எதிர்மின் அலை எழுந்தது. அதுதான் என்400. அவர்கள் ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினார்கள். நீங்களோ இயல்பாக வாசிக்க விடப்போகிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அலை உச்சிக்கு வரும்போது கண் அடுத்த சொல்லில் இருக்கும். ஓர் அலைமேல் இன்னோர் அலை ஏறிக்கொள்ளும், வெறும் சராசரி எடுத்தால் குழம்பும். அவற்றைப் பிரித்தெடுக்கவே மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஓடும் 'அன்ஃபோல்ட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் கண்ணே ஒரு குட்டி பேட்டரி என்பது. முன்பக்கம் நேர்மின், விழித்திரைப் பக்கம் எதிர்மின். கண் உருளும்போதெல்லாம் அது ஈஈஜியில் விழும். இமைத்தால் நெற்றிப் பக்கம் 100 மைக்ரோவோல்ட்கூடத் தாண்டும். நீங்கள் தேடும் வித்தியாசம் சில மைக்ரோவோல்ட்தான். மூளையின் காமா அலை (வேகமாகத் துடிக்கும் மின்னலை) என்று கருதப்பட்ட ஒரு துடிப்பு, உண்மையில் மிக நுண்ணிய கண் தாவலின் மின்விளைவு என்று 2008இல் யுவல்-கிரீன்பெர்க் குழு காட்டியபோது பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாக்கியங்களை ஆங்கில ஆய்விலிருந்து மொழிபெயர்க்காதீர்கள். குட்டாஸின் வாக்கியம் 'சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான்' என்ற மாதிரி வரும். ஆங்கிலத்தில் காலுறை கடைசியில் வந்து அதிர்ச்சி தருகிறது. தமிழில் 'காலுறையை' வரும்போது லேசான சந்தேகம், 'தடவினான்' வந்த பிறகுதான் முழு அபத்தம். எந்தச் சொல்லில் அலையைத் தேடுவது? 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக' போன்ற சொல்லில் கண் இரண்டு மூன்று முறை நிற்கும். எந்த நிற்றல் உங்கள் பூஜ்ஜிய நேரம், அதாவது அலையின் நேரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி, என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

60 செ.மீ. தூரத்தில் டிராக்கருக்கு அரை டிகிரி பிழை என்றால் திரையில் சுமார் 5 மி.மீ. எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு திரைக்கு ஒரே வரி வையுங்கள். இரு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே டிரிக்கர் (நேரத்தைக் குறிக்கும் மின் சைகை) இரண்டுக்கும் போக வேண்டும்.

அப்புறம், வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: தலைக்கு எண்ணெய் வேண்டாம், ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரட்டும். எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு சரியாகப் பிடிக்காது. கண் மையும் வேண்டாம், டிராக்கர் அதைக் கண்பாவை என்று எண்ணிவிடும்.