தங்கைக்கு 16 வயது, சிரித்தால் ஈறு நிறையத் தெரிகிறது, லேசரில் வெட்டிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அவசரப்பட்டு வெட்டிக்கொண்டவள் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு ஊர் காரைக்குடி. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முகப்பில் எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுக்கும்போது, அப்பத்தா பின்னாலிருந்து "வாயை மூடிச் சிரி ஆத்தா" என்று மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருத்தத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன், எக்ஸ்ரே கூட எடுக்காமல் பத்தே நிமிடத்தில் ஈறை லேசரில் வெட்டி அனுப்பினார்கள். எட்டு மாதத்தில் ஈறு பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அப்புறம் மதுரையில் ஓர் ஈறு நிபுணரைப் பார்த்தேன். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு எலும்பு தட்டும் வரை அளந்தார். முன்பல் வெளியே தெரிந்தது 7 மி.மீ. தான், மீதி 3 மி.மீ. ஈறுக்குள் மறைந்திருந்தது (மேல் முன்பல்லின் நீளம் பொதுவாக 10, 11 மி.மீ. இருக்கும்). எலும்பு விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய 3 மி.மீ. ஈறு இருந்தே தீரும், எனக்கோ எலும்பே பல்லின் எனாமல் முடியும் விளிம்பு வரை வந்திருந்தது, அதனால் எலும்பையும் கொஞ்சம் செதுக்காமல் ஈறை மட்டும் வெட்டினால் திரும்ப வளரத்தான் செய்யும் என்றார். செதுக்கினார்கள், பத்து நாளில் தையல் பிரித்தார்கள், அதன்பின் ஈறு திரும்ப வளரவில்லை.

ஆனால் எல்லாருக்கும் காரணம் இதுவே இல்லை. தங்கையை உதட்டைத் தளர்த்தி, சிரிக்காமல் கண்ணாடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் பல் 2 முதல் 4 மி.மீ. தெரிந்தால் சரி. அதைவிட ரொம்பத் தெரிந்தால் மேலுதடு குட்டையாக இருக்கலாம், மேல்தாடை நீளமாக இருக்கலாம். தாடை என்றால் ஈறை வெட்டிப் பயனில்லை, கிளிப்போ தாடை அறுவை சிகிச்சையோ தேவைப்படும். பல்லும் தாடையும் சரியாக இருந்து, சிரிக்கும்போது உதடு மட்டும் அதிகமாக மேலே ஏறினால் போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போடுவார்கள், அது 3 முதல் 6 மாதம்தான் தாங்கும். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகளாலும் ஈறு தடிக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

16 வயதில் ஈறு இன்னும் கொஞ்சம் தானாக மேலே ஏறும், தாடையும் வளர்ந்து முடிந்திருக்காது. 18 தாண்டட்டும். இப்போது பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று பார்த்து, வந்தால் ஒருமுறை பல் டாக்டரிடம் பல்லில் படிந்த காரையை எடுத்துவிடுங்கள், வீங்கித் தெரிகிற ஈறு என்றால் அதிலேயே ஓரளவு வற்றிவிடும்.