லிஃப்ட் போடும் முன் எடை மேடைக்குப் போங்கள்: பிக்கப் சஸ்பென்ஷன் கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மெக்கானிக் இல்லை. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். 2017-ல் வாங்கிய இசுசு வி-கிராஸ், இதுவரை 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று செட் ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றினேன். அதில் முதல் செட் முழுத் தண்டம். அந்தத் தண்டத்தில் கற்றதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இன்ஜின் ரீமேப், லைட், ஸ்பீக்கர் எல்லாம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. லிஃப்ட் என்றால் சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது, அதற்கான சாமான் செட்தான் கிட். கேட்டவரின் ஊர்ப் பெயரில் கேள்வி, அதன் கீழே என் பதில். சரி, ஆரம்பிக்கலாம்.

மதுரை: என்னுடையது 16 இன்ச் சக்கரம் உள்ள பழைய வி-கிராஸ். 2 இன்ச் லிஃப்ட் போட ஆசை. எந்த கிட் நல்லது?

கிட் பெயருக்கு அப்புறம் வருகிறேன். எதற்கு லிஃப்ட் என்று முதலில் முடிவு செய்யுங்கள். "அடி தட்டுகிறது" என்றால் எது தட்டுகிறது? பின்னால் இருப்பது இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே உருளையான லைவ் ஆக்சில். நடுவில் தொங்கும், இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயரின் ஆரம்தான் முடிவு செய்கிறது. மேலே 2 இன்ச் ஏற்றினாலும் 6 இன்ச் ஏற்றினாலும் அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் 245/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ. 265/70 ஆர்16 போட்டால் 777. வித்தியாசம் 28, உருண்டைக்குக் கிடைப்பது அதில் பாதி, 14 மி.மீ. அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 104-ல் போய்க்கொண்டிருப்பீர்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் லிஃப்ட் வீணா? இல்லை. சேசிஸ், ஃபுட்போர்டு, பம்பர் எல்லாம் உயரும். வரப்பு ஏறும்போது மூக்கு இடிக்காது, மேட்டின் உச்சியில் வயிறு உட்காராது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் முன்பக்கம் கதை வேறு. அங்கே டிஃபரன்ஷியல் சேசிஸோடு சேர்ந்து மேலே போய்விடும், சக்கரம் கீழேயே நிற்கும். நடுவில் உள்ள ஆக்சில் ஷாஃப்ட் சரிந்து வேலை செய்யவேண்டும். சரிவு கூடக்கூட ஷாஃப்டின் முனையில் உள்ள சி.வி. ஜாயின்ட் என்ற மூட்டின் ரப்பர் உறை மடிப்போடு மடிப்பு உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே வரும், மண் உள்ளே போகும். கூடவே ஸ்டீயரிங்கை நேராக நிற்கவைக்கும் கேஸ்டர் கோணம் குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நாய் மோப்பம் பிடிப்பதுபோல அங்கும் இங்கும் அலையும். ஆகவே முன்பக்கம் 40 மி.மீ.யில் நிறுத்துங்கள். 50 என்பது எல்லை. அதற்கு மேல் என்றால் சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்றவேண்டும். எது செய்தாலும் அன்றைக்கே அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

இப்போது கிட். ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக் என்று எந்த பிராண்டை எடுத்தாலும் முன்பக்கக் காயிலும் (சுருள் ஸ்ப்ரிங்) பின்பக்கப் பட்டையும் (அடுக்குத் தகடு ஸ்ப்ரிங்) வண்டியின் எடைக்கு ஏற்றபடிதான் தருவார்கள். அதனால் கடைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போங்கள். நிறையப் பேர் செய்யாமல் விடுவது இதைத்தான். முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. கழித்தால் பின் எடை. டேங்க் நிறைய டீசல், வழக்கமாக ஏற்றும் சாமான், நீங்களும் உள்ளே. என் வண்டி வெறுமையில் முன் 1,170 கிலோ, பின் 890.

கோவை: கிட் விலை கட்டுப்படியாகவில்லைங்ண்ணா. ஸ்பேசர் மட்டும் போட்டால் சில ஆயிரத்தில் முடிந்துவிடுகிறதே?

என் முதல் செட் தண்டமானது இதனால்தான். உயரம் கூட்ட இடையில் வைக்கும் வட்டுதான் ஸ்பேசர். அது இரண்டு வகை. ஒன்று ஷாக்கின் தலைக்கும் சேசிஸுக்கும் நடுவே வைப்பது. ஷாக்கின் கால் கீழ் ஆர்மில் உள்பக்கமாக இருப்பதால் 25 மி.மீ. வட்டு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது மேல் பால் ஜாயின்ட் (சக்கரத்தை மேல் ஆர்மோடு இணைக்கும் குண்டு மூட்டு) தாங்கவேண்டிய அளவைத் தாண்டிப்போகும். சக்கரம் மேலே ஏறும்போது பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரைத் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் அடி இடித்துவிடும். இரண்டாவது வகை காயிலுக்கு மேல் வைத்து அழுத்துவது. இதில் ஷாக்கின் நீளம் மாறாது. வண்டி உயர்ந்த அளவுக்கு, சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறையும்.

எனக்கு ஒரு கடையில் முதல் வகையைப் போட்டுவிட்டார்கள். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொரு குழிக்கும் முன்பக்கம் "டக்" என்றது. எட்டாயிரம் கி.மீ.யில் இடது ரப்பர் உறை கிழிந்தது. ஷாஃப்டுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்குப் பார்த்தால் நல்ல கிட்டில் பாதி வாங்கியிருக்கலாம். பணம் இல்லையென்றால் ஒன்றும் போடாமல் இருங்கள், அது இதைவிட நல்லது.

சென்னை: மண்சாலை மாதம் ஒருமுறைதான். குலுக்கல் மட்டும் குறையவேண்டும்.

டயரில் காற்றைக் குறையுங்கள். மண்சாலையில் 32-லிருந்து 22 பி.எஸ்.ஐ., மணலில் 16–18. தார் ரோடு ஏறும் முன் திரும்ப அடித்துவிடுங்கள். ஒரு சிறிய கம்ப்ரசர் போதும்.

திருச்சி: சார், 2 இன்ச் லிஃப்டுக்கு எந்த கிட்?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாமக்கல்: அண்ணே, தப்பா நினைக்காதீங்க. முப்பது வருடமாக லாரிப் பட்டை பட்டறை நடத்துகிறோம். பிக்கப் பின்னால் ஒரு பட்டை கூட வைத்து, எல்லாப் பட்டையையும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. வெளிநாட்டு கிட் எதற்கு?

இப்படி ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்தேன். உங்கள் ஊர்க் கைக்கு மரியாதை உண்டு. ஆனால் லாரி என்பது சுமையோடு ஓடும் வண்டி. என் பிக்கப் பத்தில் எட்டு நாள் காலியாக ஓடுகிறது. மூன்று பட்டைக் கட்டில் அதே நீளம், அதே கனத்தில் ஒன்று சேர்த்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். காலி வண்டியில் அது பின்சக்கரத்தைத் தரையில் நிற்கவே விடாது. சக்கரம் குதித்தால் பிடிப்பு எங்கே?

நாமக்கல்: கனம் குறைந்த பட்டை வைக்கலாமே.

வைக்கலாம். நீங்கள் வைப்பீர்கள், எல்லோரும் வைப்பதில்லை. பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 6 மி.மீ.க்குப் பதில் கையில் கிடைத்த 8 மி.மீ.யைச் சொருகினால் அந்த ஒரு பட்டை மட்டும் இரண்டே கால் மடங்குக்கு மேல் விறைக்கும். பார்வைக்கு 2 மி.மீ.தான் வித்தியாசம்.

கரூர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பட்டறையில் வளைத்த என் பட்டை ஆறே மாதத்தில் பழையபடி படுத்துவிட்டது.

அதுதான் என் இரண்டாவது குறை. குளிர்ந்த பட்டையைச் சுத்தியால் அடித்து வளைத்தால் அது பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். சிலிக்கான் மாங்கனீசு கலந்த ஸ்ப்ரிங் எஃகு அது, சும்மா இரும்பு இல்லை.

நாமக்கல்: கரூர்காரர் போன இடம் சரியில்லை. நாங்கள் உலையில் சிவக்கக் காய்ச்சி, அச்சில் வளைத்து, எண்ணெயில் தோய்த்து, திரும்பவும் பதமாகச் சூடு காட்டித்தான் கொடுப்போம். எந்தப் பட்டை படுத்ததென்று சொல்லுங்கள்.

இரண்டாவது சூடு காட்டுகிறீர்கள் என்றால் நான் வாபஸ் வாங்குகிறேன். நிறையப் பேர் எண்ணெயில் தோய்த்ததோடு விட்டுவிடுவார்கள். அது விறைப்பாக இருக்கும், ஒருநாள் கண்ணாடி மாதிரி உடையும். முறையாகப் பதம் செய்த பட்டைக்கு உள்ளூர், வெளிநாடு என்ற பேதம் கிடையாது. இருந்தாலும் மூன்று விஷயம் கேட்பேன். பட்டையை ஆக்சிலோடு கட்டும் நீண்ட யூ போல்ட் புதிதாகப் போடுவீர்களா, பழையதையே முறுக்குவீர்களா? பட்டை நுனிகளுக்கு நடுவே நைலான் துண்டு உண்டா? உயர்த்திய கட்டுக்கு ஏற்ற நீளத்தில் ஷாக் போடச் சொல்வீர்களா?

நாமக்கல்: யூ போல்ட் புதிதுதான், பழையதைத் திரும்பப் போடுவது பாவம். நைலான் கேட்டால் வைப்போம். ஷாக் எங்கள் வேலை இல்லை.

அங்கேதான் நிற்கிறோம். பட்டை வண்டியைத் தாங்கும், ஷாக் பட்டையை அடக்கும். விறைப்பான பட்டைக்குப் பழைய ஷாக் என்றால் முரட்டுக் காளைக்கு நூல் கயிறு. ஒரு குழிக்கு மூன்று தரம் குதிக்கும்.

இந்த ஷாக் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஷாக் செய்வது ஒன்றே ஒன்று: அசைவைச் சூடாக மாற்றுவது. உள்ளே பிஸ்டன் சிறு துளை வழியாக எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் காய்கிறது. அலை அலையாக நெளிந்த மண்சாலையில் அரைமணி ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், இல்லை, தொடாதீர்கள், சுட்டுவிடும். சூட்டில் எண்ணெய் நீர்க்கும், காற்றோடு கலந்து நுரைக்கும், ஷாக் செத்ததுபோல ஆகும். இதைத் தடுக்கத்தான் நைட்ரஜன் அழுத்தம், சிலவற்றில் காற்றுக்குப் பதில் ஃபோம், விலை கூடியவற்றில் தனி எண்ணெய்க் குடுவை. தோப்புக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவருக்குக் குடுவை தேவையே இல்லை. பெரிய விட்டமுள்ள சாதாரண இரட்டைக் குழாய் ஷாக் போதும்.

கொச்சி: ஹைலக்ஸ் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை அல்லவா?

அதற்கும் முன்னால் காயில், பின்னால் பட்டைதான். வண்டிச் சண்டை இங்கே வேண்டாம்.

சேலம்: ஆர்.டி.ஓ. பிடித்தால்?

நியாயமான கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேய்ந்த ஷாக்கை மாற்றுவது பராமரிப்பு. பெரிய லிஃப்ட், வெளியே நீட்டிய டயர், புல் பார் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்து, விபத்துக்குப் பிறகு அழாதீர்கள்.

விருதுநகர்: 2 இன்ச் லிஃப்ட்...

எடை மேடை.

தேனி: கிட் போட்டதும் முதல் ஓட்டம் கொழுக்குமலைதான் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன்.

சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்பில்தான் மேலே போகமுடியும், சொந்த வண்டிக்கு வழியில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது எங்கேயும் குற்றம். அனுமதி வாங்கித் தனியார் தோட்டத்தில் ஓட்டுங்கள்.

பொள்ளாச்சி: பின்னால் தினமும் 600 கிலோ மாட்டுத் தீவனம் ஏற்றுகிறேன். பட்டைக்கு நடுவே ஏர்பேக் (சுமை தாங்கும் காற்றுப் பை) வைக்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம். பட்டை தன் சுமையை இரண்டு முனைகளிலும் சேசிஸுக்குக் கொடுக்கும். ஏர்பேக் அதை நடுவில் ஒரே புள்ளியில் கொடுக்கும். பின்னால் சுமை, நடுவில் குத்து. ஆஸ்திரேலியாவில் இப்படிச் சேசிஸ் வளைந்த பிக்கப்கள் ஏராளம். தினமும் சுமை நிச்சயம் என்றால் உங்களுக்குத்தான் நாமக்கல் அண்ணனின் கூடுதல் பட்டை சரி. முதலில் ஆர்.சி.யில் அனுமதித்த எடையைப் பாருங்கள். இன்னொன்று, சில பிக்கப்களில் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி இருக்கும், சுமையைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. பின்பக்கத்தை உயர்த்தினால் வண்டி காலி என்று அது நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இருந்தால் சரிசெய்யச் சொல்லுங்கள்.

திண்டுக்கல்: எடை போட்டுவிட்டே வருகிறேன். ஸ்டீல் பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் வடச் சுருள்), கேனபி (பின்தொட்டியின் மூடி), கூரைக் கூடாரம், இரண்டாவது ஸ்டெப்னி உண்டு. முன் 1,310, பின் 1,080. பின்பக்கம் 300 கிலோ கூடுதல் சுமைக்கான பட்டை எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர்.

வாழ்க. சீட்டோடு வந்த முதல் ஆள் நீங்கள். முன்னால் என் வண்டியைவிட 140 கூடுதல். பம்பரும் வின்ச்சும் நூறு கிலோ என்றாலும் அவை முன் ஆக்சிலுக்கும் முன்னால் நீட்டி நிற்பதால், ஏற்றத்தின் நுனியில் உட்கார்ந்ததுபோல, 3,095 மி.மீ. வீல்பேஸில் முன்சக்கரத்துக்கு 125 கிலோ அளவில் தெரியும், பின்னால் 25 குறையும். எனவே முன்னால் நூறு கிலோவுக்கு மேல் எழுதிய காயில்தான் சரி. பின்னால் 190 கூடுதல். இதில் கழற்றக்கூடியது எவ்வளவு?

திண்டுக்கல்: கூடாரமும் ஸ்டெப்னியும் பயணத்துக்கு மட்டும். இரண்டும் சேர்ந்து 95 கிலோ.

அப்படியென்றால் நாள்தோறும் நீங்கள் ஓட்டுவது 95 கூடுதல்தான். 300 கிலோ பட்டை போட்டால் வருடத்தில் 340 நாள் இடுப்பு ஒடியும். பின்னால் கம்பெனிப் பட்டையையே விடுங்கள், அல்லது நூறு கிலோ வரைக்கும் உள்ள கட்டு. நாலு ஷாக்கும் புதிது. வேலைக்கு விடும் முன் நாலு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, எடைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து எது எவ்வளவு படுத்தது என்று அதை வைத்துத்தான் கேட்கமுடியும்.

நாமக்கல்: அந்த ஷாக் ஆலோசனையை எனக்கும் ஃப்ரீயாகக் கொடுங்கண்ணே. எங்கள் பட்டறைக்கு எதிரிலேயே எடை மேடை இருக்கு.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். உலையைக் காட்டுங்கள், சீட்டுக்குக் காசு நான் கொடுக்கிறேன்.